மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரின் கால்

பென்னாகரத்தில் நான் விதை டெப்போ குமாஸ்தாவாக இருந்த காலத்தில் எங்கள் டெப்போவுக்கும் மாட்டாஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான். அந்தப் பக்கம் மாடு கத்தும், இந்தப் பக்கம் நான் தூங்குவேன். அந்த மாட்டாஸ்பத்திரியின் கம்பவுண்டரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊரில் கம்பவுண்டர் என்றால் அவர்தான். மனுஷ ஆஸ்பத்திரியிலும் ஒரு கம்பவுண்டர் இருந்தார். பாவம், அவரை ‘இன்னொரு கம்பவுண்டர்’ என்பார்கள்.

நாற்பதைத் தாண்டிய ஆள், ஒல்லி, நல்ல உயரம். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். கடையில் குடை வாங்கினால் அங்கேயே விரித்து, கடைக்காரரை விட்டே ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றச் சொல்வார். தீப்பெட்டி வாங்கினால் ஒரு குச்சியைக் கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் காசு. அவர் தெருவில் நான் அறை எடுத்த அன்று, முன்பின் தெரியாத மனுஷர், வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேராக உள்ளே வந்தார். எட்டி விட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கினார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, “தாங்குதுங்க. தைரியமாப் படுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் நட்பு அப்படித்தான் ஆரம்பித்தது.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பெண் பார்க்க வந்த கதையை அக்கா சொல்லிக் கேட்க வேண்டும். “எல்லாரும் பொண்ணப் பாடச் சொல்லுவாங்க தம்பி. இவுரு, ‘பாட்டெல்லாம் வேணாம், கெணத்துல ஒரு குடம் தண்ணி சேந்தச் சொல்லுங்க, பாக்கலாம்’னாரு. நான் வுடுவனா? ‘மொதல்ல மாப்பிள்ளய சேந்தச் சொல்லுங்க’ன்னேன். ரெண்டு பேரும் சேந்துனோம்.” கம்பவுண்டர் பக்கத்தில் உட்கார்ந்து களியை உருட்டிக்கொண்டே, “அவதான் நெறயச் சேந்துனா” என்று ஒத்துக்கொள்வார்.

பாப்பாரப்பட்டி சந்தைக்கு அவர் வருகிறார் என்றால் மாட்டுத் தரகர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். ஒரு காலில் நோவு இருக்கிற மாட்டை விற்பதற்கு அவர்களிடம் ஒரு தந்திரம் உண்டு. நல்ல காலின் லாடத்துக்குள் ஒரு சின்னக் கல்லைச் செருகிவிடுவார்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி வலித்தால் மாடு எந்தக் காலை நொண்டுவது என்று தெரியாமல் நேராக நடந்துவிடும். கம்பவுண்டர் மாட்டை ஈர மண்ணில் நடக்கவிட்டு, மண்டி போட்டுக் குளம்புத் தடத்தைப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். நாலு லாடத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். “மனுசன் பொய் சொல்லுவான், மாடும் பொய் சொல்லுது பாருங்க, சொல்லிக் குடுத்துட்டானுங்க” என்று என்னிடம் வருத்தப்படுவார்.

இனி பந்தயத்துக்கு வருகிறேன். எங்கோ வெளிநாட்டில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்து பந்தயம் நடத்துகிறார்கள் என்று, மருந்துப் பார்சல் சுற்றி வந்த ஒரு காகிதத்தில் அவர் படித்துவிட்டார். படித்தால் சும்மா இருப்பாரா? அது நிஜமா என்று சோதிக்க வேண்டுமே. ஊர் வாலிபர் மன்றத்தைப் பிடித்து நச்சரித்து, பொங்கல் விளையாட்டோடு அதையும் சேர்க்க வைத்தார். ஏரியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்த வேண்டும். அங்கே நிறுத்தியிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி ரோட்டில் ஒரு பெரிய புளியமரம் வரை போய்த் திரும்பி, பள்ளிக்கூட மைதானத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு, அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டும். ஊரில் அதற்கு ‘மூணு பந்தயம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஈர டவுசரோடு சைக்கிள் மிதிப்பதைப் பார்க்கவே கூட்டம் சேரும்.

முதல் வருஷத்திலிருந்து ஜெயித்தது கம்பவுண்டர்தான். இரண்டாவதாக வந்தது மாவு மில்காரர். தோளும் தொடையுமாக ஆள் மலை மாதிரி இருப்பார். தலையிலிருந்து கால்வரை மாவு. பேச்சு அதிகம் கிடையாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் இரண்டாம் பரிசு எவர்சில்வர் தூக்கை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போவார்.

அப்புறம்தான் கால் ஒடிந்தது. ஒரு கோடையில், ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு காளை துள்ளி அவர்மேலேயே விழுந்துவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. வண்டியில் தூக்கிப்போட்டுத் தர்மபுரிக்குக் கொண்டுபோகும்போதும், “மாட்டு மேல தப்பில்ல, ஊசி மொன்னை. நான் சோதிச்சுப் பாத்திருக்கணும்” என்று முனகிக்கொண்டே போனார். மாவுக்கட்டு போட்ட டாக்டர், எலும்பு கூடிவிடும், நடக்கலாம், ஆனால் பந்தயத்தையெல்லாம் மறந்துவிடுங்கள் என்றார். ஊரே மறந்துவிடச் சொன்னது. கம்பவுண்டர் தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் நம்பவில்லை என்று அர்த்தம்.

கட்டுப் பிரித்து, தாங்கித் தாங்கி நடந்து, மெல்ல நேராக நடக்க ஆரம்பித்த பிறகு அவருடைய பரிசோதனை தொடங்கியது. கையில் விநாடி முள் உள்ள கடிகாரம் கட்டியிருந்த பாவத்துக்கு நான் நேரம் பார்க்கும் ஆள். நடக்கிற தூரத்துக்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ரகம் நான். என்னைப் போய் விடியற்காலையில் எழுப்பினார்.

முதல் பரிசோதனை ஓட்டம். சும்மா ஓடினால் ஊர் சிரிக்கும், அக்காவும் திட்டுவாள். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார். டவுன் பஸ், ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்வரை டீக்கடையில் பதுங்கி நிற்பது. கிளம்பியதும் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி பின்னாலேயே ஓடுவது. பஸ் வளைவில் திரும்புவதற்குள் பிடித்துவிட்டால் கால் பாஸ். நல்ல யோசனைதான். அவர் ஓட ஆரம்பித்து நாலு எட்டு வைப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

“யாருய்யா உன்ன நிறுத்தச் சொன்னது?” என்று கத்தினார் கம்பவுண்டர்.

“கால் ஒடஞ்ச மனுசன் ஏங்க ஓடறீங்க? மெதுவா வாங்க, நிக்கறன்” என்றார் கண்டக்டர். உள்ளே இருந்து இரண்டு பேர் இறங்கி வந்து கைத்தாங்கலாக ஏற்றினார்கள். முன்சீட்டை ஒரு அம்மா காலி பண்ணிக் கொடுத்தாள். ஏறியதற்கு மரியாதையாக அவர் அடுத்த ஊர்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். மறுநாளும் ஓடினார், மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் அவர் டீக்கடையை விட்டு வெளியே வரும்வரை பஸ் கிளம்பவே இல்லை. டிரைவர் தலையை நீட்டி, “வரீங்களா, கெளம்பட்டுமா?” என்று கேட்டார்.

சைக்கிள் பரிசோதனைக்குத் தர்மபுரி ரோட்டில் உள்ள ஏற்றத்தைத் தேர்ந்தெடுத்தார். நான் மேட்டின் உச்சியில் கடிகாரத்தோடு நின்றேன். கீழே புறப்பட்டவர் கொஞ்சம்கூட மூச்சு வாங்காமல் ஏறி வருகிறார். முகத்தில் அப்படியொரு பிரகாசம். எனக்கு ஒரே ஆச்சரியம். பக்கத்தில் வந்தபோதுதான் தெரிந்தது. பின்னால் பால்காரர் ஒருவர் தன் சைக்கிளை மிதித்துக்கொண்டே, ஒரு கையால் இவருடைய கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பால்காரர் என்னைப் பார்த்து, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பவுண்டர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பிரகாசம் அணைந்ததைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

“ஏய்யா தள்ளுன?”

“ஒரு ஒத்தாசைதானுங்க. எங்க மாட்டுக்கு நீங்க எவ்வளோ செஞ்சிருக்கீங்க!”

நீச்சல்தான் பெரிய கூத்து. ஏரியில் இறங்கினால் ஊருக்குத் தெரியும் என்று ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக் கிணற்றைத் தேடிப் போனார். படிக்கட்டு வழியாக இறங்காமல், பழைய பழக்கத்தில் மேலிருந்தே குதித்துவிட்டார். கொய்யா பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், கால் போன துக்கத்தில் மனுஷன் கிணற்றில் விழுந்துவிட்டார் என்று நினைத்து, “ஐயோ, கம்பவுண்டரு போயிட்டாரு!” என்று அலறினாள். களத்துமேட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்து தொபுக் தொபுக்கென்று குதித்தார்கள். ஒருவர் முடியைப் பிடித்தார், ஒருவர் காலைப் பிடித்தார். “வுடுங்கடா, நீந்தறன்டா!” என்று அவர் கத்தக் கத்தக் கரையேற்றிப் போட்டு, வயிற்றை அமுக்கினார்கள். ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, “மனச வுட்றாதீங்க. கால் போனா என்னா, கை இருக்குது” என்று நெடுநேரம் ஆறுதல் சொன்னார். கம்பவுண்டர் நனைந்த வேட்டியோடு அவருக்குத் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அன்று திரும்பி வரும்போது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. “தம்பி, கால் போனாப் போவுது. ஒத்துக்கறன். இல்ல, சரியாயிடுச்சா, அதயும் ஒத்துக்கறன். ஆனா என்னய என் காலு தூக்கிட்டுப் போவுதா, ஊரு தூக்கிட்டுப் போவுதா, அது எனக்குத் தெரியணுமா வேணாமா?” என்றார். அந்த ஒரு கேள்விதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. இவர் கைபட்டுப் பிறந்த கன்று இல்லாத கொட்டில் அந்தப் பக்கத்தில் இல்லை. எல்லாருக்கும் இவர்மேல் பிரியம். அந்தப் பிரியம் எங்கே போனாலும் முன்னால் போய் இவருக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தது. என்ன செய்வது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கடைசியில் தன் சொந்த வித்தையையே தன்மேல் பிரயோகித்தார். ஏரிக்கரையில் ஈர மண் இருக்கிற இடமாகப் பார்த்துக் குறுக்கும் நெடுக்குமாக ஓடினார். பிறகு மண்டி போட்டுத் தன் கால்தடத்தைத் தானே ஆராய்ந்தார். வலதுகால் தடத்தில் ஒரு விரலை விட்டு ஆழம் பார்த்தார். இடதுகால் தடத்தில் விட்டுப் பார்த்தார். துணி துவைக்க வந்த அக்கா துணி மூட்டையை இறக்காமலே நின்று பார்த்தாள்.

“தம்பி, உங்க அண்ணனுக்கு என்னாச்சு? மண்ண மோந்துக்கிட்டுக் கெடக்கறாரு?”

“ரெண்டும் ஒரே ஆழம்!” என்று கம்பவுண்டர் குதித்து எழுந்தார். நானும் சந்தோஷப்பட்டேன். அப்பாடா, இனிமேல் காலையில் தூங்கலாம். ஆனால் அவர் முகம் மெல்ல மெல்லத் தொங்கியது. இடதுகாலைத் தடவிப் பார்த்தார். “ஒருவேள… இத்தன மாசம் இதுமேலயே பாரத்தப் போட்டு, நல்ல காலும் கெட்டுப்போயிருந்தா? ரெண்டும் சமமா நொண்டுனா, தடமும் சமமாத்தான வுழும்?”

அக்காவுக்கு வந்ததே கோபம். “உங்களத் திருத்த முடியாது! பந்தயத்துல போயி ஓடித் தொலைங்க. மொதப் பரிசு இந்தவாட்டி அண்டாவாம். அண்டான்னா எவன் வுட்டுக்குடுப்பான்? அங்க எவன் உங்களத் தள்ளிவுட்றான்னு பாக்கறன்.”

கம்பவுண்டர் அவளை அப்படியே பார்த்தார். இத்தனை நாள் தனக்குத் தோன்றவில்லையே என்கிற பார்வை. “அவ சொல்றது கரெக்டு தம்பி. பந்தயந்தான் டெஸ்ட்டு” என்றார்.

பொங்கல் வந்தது. ஏரியில் மாவு மில்காரர் முந்தினார். சைக்கிளில் கம்பவுண்டர் கொஞ்சம் எட்டிப் பிடித்தார். நான் பஸ் ஸ்டாண்டில் எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். திருப்பத்தில் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் தெரிந்தார்கள். ஒரு பக்கம் ஒல்லி, ஒரு பக்கம் மலை. கம்பவுண்டர் வாயைப் பிளந்துகொண்டு, கண் வெளியே வருகிற மாதிரி ஓடி வந்தார். நொண்டல் இல்லை. நான் என் கண்ணால் பார்த்தேன். கடைசி நாலு எட்டில் நெஞ்சை முன்னால் தள்ளிக் கயிற்றைத் தொட்டார். மில்காரர் ஒரு கை தூரம் பின்னால். ஊரே கத்தியது. நானும் கத்தினேன். வெட்கமில்லாமல் அழுதும்விட்டேன்.

கம்பவுண்டர் தரையில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அண்டா கைக்கு வரும்வரைதான் இருந்தது. மன்றத் தலைவர் மைக்கைப் பிடித்தார். “நம்ம கம்பவுண்டரு கால் ஒடஞ்சி கெடந்தப்ப இந்த ஊரே கண்ணீர் வுட்டுச்சு. அவரு ஜெயிக்கணும்னு ஊரே நெனச்சுது. இன்னிக்கி இந்த ஊரோட அன்புதான் அவர ஜெயிக்க வெச்சுது!” என்று நெஞ்சு விம்மப் பேசினார். கூட்டம் கைதட்டியது. கம்பவுண்டர் கையில் அண்டாவோடு, அடி வாங்கியவர் மாதிரி நின்றார்.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. பந்தயத்தில் ஓடிய ஒவ்வொருவரையும் தேடிப் போய், “உண்மையச் சொல்லு, வுட்டுக்குடுத்தியா?” என்று கேட்டார். எல்லாரும் சத்தியம் பண்ணினார்கள். ஒருவன் கற்பூரம் அடித்தான். ஆனால் பால்காரரும் சத்தம் காட்டாமல்தானே தள்ளினார்? சத்தியம் கூடக் கூட அவருக்குச் சந்தேகமும் கூடியது. மில்காரரிடம் மட்டும் போகவில்லை. “அவன் ஆமான்னுட்டா அப்பறம் நான் என்னா பண்ணுவன் தம்பி?” என்றார். அண்டா வீட்டு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அக்கா அதில் வெந்நீர் போடப் போனால், “தொடாத. அது யாரோடதுன்னே தெரியல” என்பார்.

பத்துப் பதினைந்து நாள் இப்படிப் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் நான் அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அக்கா கேழ்வரகுக் கூடையைத் தலையில் வைத்தபடியே உள்ளே வந்து தொப்பென்று இறக்கினாள். களிக்கு மாவு இல்லை என்று மில்லுக்குப் போனவள், போன கூடை போனபடியே திரும்பி வந்திருந்தாள்.

“அரைக்க மாட்டானாம்! கரண்ட் இல்லன்னு மூஞ்சத் திருப்பிக்கறான். உள்ள மிஷினு கடகடன்னு ஓடுது. எனக்கு முன்னாடி போனவளுக்கு அரைச்சுக் குடுத்தான், எனக்குப் பின்னாடி வந்தவகிட்டயும் கூடைய வாங்கி வெச்சுக்கிட்டான். நம்ம ராகிய மட்டும் காலால தள்ளிவுட்டான் தம்பி, காலால!”

நான் பதறிவிட்டேன். கம்பவுண்டர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “மிஷினு ஓடும்போதே கரண்ட் இல்லன்னானா?”

“ஆமாங்கறன்!”

“காலால தள்ளுனானா? நல்லாப் பாத்தியா? சும்மா கால் பட்டிருக்கும்.”

“தள்ளுனான். எட்டித் தள்ளுனான்.”

அவர் கையைக் கழுவினார். கூடையைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். எதையும் தானே சோதிக்காமல் நம்ப மாட்டாரே. சண்டை வந்தால் விலக்கலாம் என்று நானும் ஓடினேன்.

மில்காரர் வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் புருவத்தில் இருந்த மாவு உதிர்ந்தது. நம் ஊர்ப் பக்கம் வாசலுக்கு வந்தவன் பகையாளியாக இருந்தாலும் ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லி, ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பது வழக்கம். மில்காரர் அந்த ஒரு வார்த்தையையும் சொல்லவில்லை.

“வேற மில்லு பாத்துக்க” என்றார்.

“ஏன்?” என்றார் கம்பவுண்டர், கூடையை இறக்காமலே.

அதுவரை அந்த மனுஷர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. “ஏனா? நீ கட்டிலோட கெடந்தப்ப, இந்த வருசம் பரிசு என்னுதுன்னு நெனச்சன்யா. தெனமும் ஏரிக்குப் போனன். கறி தின்னறத வுட்டன், பீடிய வுட்டன். உசுரு போவ ஓடுனன். கால் ஒடஞ்சவன்கிட்ட தோத்துட்டன்னு இப்ப எம்மருமவன் சிரிக்கறான், சந்தைக்குப் போனா சந்தையே சிரிக்குது. போய்யா! உன் ராகிக்கும் மாவுக்கும் இங்க வேல இல்ல. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத!”

கதவை எங்கள் முகத்துக்கு நேராகச் சாத்தினார். நிலையிலிருந்து மாவு பொழபொழவென்று எங்கள் தலையில் கொட்டியது.

நான் தலையைத் தட்டிக்கொண்டேன். கம்பவுண்டர் கூடையோடு திரும்பினார். கண்ணில் தண்ணீர். வாய் காதுவரை போயிருந்தது. “கேட்டீங்களா தம்பி? உசுரு போவ ஓடுனானாம்! தண்ணிகூடக் குடுக்கல பாத்தீங்களா? வாங்கன்னுகூடச் சொல்லல!” தெருவில் எதிரே வந்தவர்களிடமெல்லாம், “மில்லுக்காரன் கதவச் சாத்திட்டான்யா, மூஞ்சிமேல!” என்று சொல்லிக்கொண்டே நடந்தார். கல்யாணச் சேதி சொல்கிறவர்கூட அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லமாட்டார். அன்று சாயந்திரமே அக்கா அண்டாவில் வெந்நீர் போட்டாள்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கேழ்வரகு பாப்பாரப்பட்டி மில்லில்தான் அரைபட்டது. மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு அவரே சைக்கிளில் போய் வருவார். ஊருக்கு இது பொறுக்கவில்லை. இரண்டு நல்ல மனுஷர்கள் இப்படி முகம் பார்க்காமல் இருக்கலாமா? ஒரு நாள் டீக்கடையில் மன்றத் தலைவரும் இன்னும் சில பெரியவர்களும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை மில்காரரைக் கையோடு கூட்டி வந்து, இரண்டு பேருக்கும் கை கொடுக்க வைத்து, பழையபடி பழக வைத்துவிடுகிறோம் என்றார்கள்.

கம்பவுண்டர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரை அவ்வளவு பயந்து நான் பார்த்ததே இல்லை.

“வேணாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். அவனயும் நல்லவனாக்கிடாதீங்க.”